தண்ணீரைக் கழற்றியவர்

"மெக்னீசியம் அங்கேயேதானே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு! கடைசி வரைக்கும் ஒரு இம்மி நகரல. நீயே பாத்து—"

"எப்படிங்க நகரும்? ஒரு ஆளை அறைக்குள்ள தள்ளி, வெளியே பூட்டு போட்டுட்டு, பாருங்க, மனுஷன் வெளியவே வரல, அந்த அறை மேல அவ்வளவு பிரியம்னு எழுதினா—"

"கத்தாதே. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டுட்டு அவங்களாவது ஒரு தீர்ப்பு சொல்லட்டும்."

"நாம எழுதினோம், வஹீபா. நாம. ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கு."

"உங்க பேரு முன்னாடி, என் பேரு பின்னாடி. மேடைக்குக் கூப்பிட்டப்போ எல்லாம் 'நான்'. இப்போ மட்டும் 'நாம'."

வெள்ளிக்கிழமை மதியம். குஸ்குஸ் தின்று முடித்த தட்டுகள் தொட்டியில் குவிந்து கிடந்தன. காலையிலிருந்தே குழாயில் தண்ணீர் இல்லை. வஹீபா துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஜிலாலி பால்கனிக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதும் ஒரான் நகரத்தின் கடற்காற்று நின்றது. வெக்கையும் சண்டையும் மட்டும் உள்ளே தங்கின.

புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வேதியியல் துறை. அவர் பேராசிரியர், துறைத் தலைவர். அவள் இன்னும் விரிவுரையாளர். இருவரையும் பிரித்து வைத்த படிக்கட்டு ஒரே ஒரு கட்டுரை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது.

ஆர்.என்.ஏ. என்கிற நூலின் முதுகெலும்பு முழுக்க பாஸ்பேட்டுகள். எல்லாம் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளும். அந்த நூல் மடங்கி ஓர் உருவத்துக்கு வர வேண்டுமானால், நடுவில் நேர்மின் அயனி ஒன்று வந்து சமாதானம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு மெக்னீசியம் கெட்டிக்காரன். ஆனால் மெக்னீசியம் தண்ணீருக்குள் வெற்றுடம்போடு திரிவதில்லை. ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைச் சட்டைபோல இறுக்கமாகப் போட்டுக்கொண்டிருக்கும். லேசில் கழற்றாது. அது பாஸ்பேட்டை நேராகத் தொட்டுப் பிடிக்கிறதா, இல்லை, சட்டையோடு நின்று தண்ணீர் வழியாகவே பிடிக்கிறதா? இந்தக் கேள்விக்குத்தான் ஜிலாலியும் வஹீபாவும் கணினிக்குள் அணுக்களை ஓர் அமைப்பில் வைத்து ஓடவிட்டு, அந்த ஓட்டத்தில் விடை தேடினார்கள். குறிப்பிட்ட ஒரு மடிப்பில் மெக்னீசியம் சட்டையைக் கழற்றிவிட்டு நேராகவே பிடிக்கிறது என்று எழுதினார்கள். 'ஜிலாலி கொக்கி' என்று அதற்குப் பேர்கூட வந்தது. துனிசுக்கும் லியோனுக்கும் ஜிலாலியைக் கூப்பிட்டார்கள். அவர் போனார், வந்தார், பேராசிரியர் ஆனார்.

இப்போது வஹீபாவின் முறை. ஆய்வு மாணவர்களைத் தன் பெயரில் வழிநடத்தும் உரிமைக்காக அவள் கோப்புத் தயாரித்திருந்தாள்; அதை ஒரு தேர்வுக் குழு முன்னால் பேசி நிலைநாட்ட வேண்டும். அந்த உரிமை கிடைத்தால்தான் தனக்கென்று இரண்டு மாணவர்களை எடுக்க முடியும். தனக்கென்று ஒரு வேலை, தன் பெயர் முன்னால் நிற்கிற ஒரு கட்டுரை. மகள் இனாஸ் பிறந்ததிலிருந்து அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். கோப்புக்காகப் பழைய கணக்கை நீட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தவளுக்குத்தான் தலை சுற்றியது.

"மறுபடி சொல்றேன், கேளுங்க," என்றாள். "சட்டையோட ஆரம்பிச்சா, கடைசி வரைக்கும் சட்டையோடவே இருக்கு. கழட்டிட்டு ஆரம்பிச்சா, கழட்டினபடியே ஒட்டிக்கிட்டு இருக்கு. நாம எங்கே வச்சோமோ அங்கேயே நிக்குது. அதுவா முடிவு பண்றதுக்கு நம்ம ஓட்டம் பத்தாதுங்க, ஆயிரம் மடங்கு பத்தாது. அதனால வலுக்கட்டாயமா உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி எடை போட்டுப் பாத்தேன். தண்ணி நடுவுல நிக்கிறதுதான் அதுக்குச் சௌகரியம். உங்க கொக்கி கிடையாது."

"உன் கோப்புலயே இருக்கே, எத்தனால் கலந்தா நேராப் பிடிக்குதுன்னு? நூத்துக்கு அறுபது பங்கு எத்தனால். உன் படம், உன் எழுத்து."

"ஆமா. சாராயத்துல தண்ணியோட பிடி தளருது, அயனி நேராப் போய் ஒட்டுது. அதுக்கென்ன? உயிரணு என்ன சாராயக்கடையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். ஒரு விநாடிதான். இருவரும் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது குழாய் இருமியது. காற்றைக் கக்கியது. பிறகு துருப்பிடித்த நிறத்தில் ஒரு வாய் தண்ணீரைத் துப்பியது.

"வந்துடுச்சு!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

தண்ணீர் வந்தால் அந்த ஊரில் சாவு வீட்டிலும் அழுகை நின்றுவிடும். ஜிலாலி குளியலறையிலிருந்து கேன்களை இழுத்து வந்தார். வஹீபா பானைகளை வரிசையாக வைத்தாள். அவர் பிடிக்க, அவள் மூட, ஒருவர் கையை ஒருவர் இடிக்காமல், பல வருஷப் பழக்கத்தில் வேலை நடந்தது. அந்தப் பழக்கத்தின் நடுவில்தான் அவள் கேட்டாள்.

"ஆரம்பத்துல நான் சட்டையோடதான் வச்சேன். ஆறு தண்ணியும் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் இனாஸ் பொறந்தா, ஆஸ்பத்திரியில கிடந்தேன். திரும்பி வந்தப்போ ஓட்டம் பாதி முடிஞ்சிருந்துச்சு. யாரு கழட்டினது?"

"அந்த மூடியை எடு."

"யாரு கழட்டினதுன்னு கேட்டேன்."

"மூடியை எடுன்னா! வழியுது பாரு."

"ஜிலாலி."

அவர் நிமிரவில்லை. கேனின் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான். போதுமா? சட்டையோட விட்டா அது கிட்டயே வரல. சுத்திச் சுத்தி வந்துச்சு. பெரிய கணினியில நமக்குக் கொடுத்த நேரம் ஒரு கைப்பிடி. வரிசையில நாலு பல்கலைக்கழகம். அதுவாக் கழட்டி வர்ற வரைக்கும் காத்திருந்தா நாம ரெண்டு பேரும் கிழடு தட்டியிருப்போம். எப்படியும் கழட்டத்தான் போகுதுன்னு நெனச்சேன். கழட்டினேன், கொண்டுபோய் ஒட்ட வச்சேன்."

"நெனச்சீங்க."

"அப்போ எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

"எல்லாரும் செஞ்சாங்க சரி. 'நாங்களே கழட்டி வச்சோம்'னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"அந்த ஒரு வரி இருந்தா கட்டுரை இருந்திருக்காது."

குழாய் இப்போது தெளிந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்புன்னு எப்போ தெரிஞ்சுது?"

"லியோன்ல ஒருத்தன் கேட்டான். சட்டையோட ஆரம்பிச்சுப் பாத்தீங்களான்னு. பாக்கறேன்னு சொன்னேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுக்கப்புறமும் வருஷா வருஷம் நான் அதைப் பசங்களுக்குப் பாடம் நடத்தினேன். பலகையில படம் போட்டேன். நீங்க ஒரு நாள் பின் பெஞ்சில உக்காந்து கேட்டீங்க. 'நல்லா நடத்துறே'ன்னு சொன்னீங்க."

"நல்லாத்தான் நடத்தினே." அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "என்னைக் கேக்குறியே, நீ ஏன் திறந்து பாக்கல? தொடக்க அமைப்பு உன் கணினியிலயும்தான் இருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. ஒன்பது வருஷமா ஏன் பாக்கல?"

இதற்கு அவளிடம் ஒரு பதில்தான் இருந்தது. சொல்லவே கூச்சமாக இருந்தது.

"உங்களை நம்பினேன்."

சொன்ன பிறகு அது வசவுபோல ஒலித்தது. யாரைத் திட்டியது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கேன்கள் நிரம்பின. பாத்திரங்கள் கழுவி முடிந்தன. ஜிலாலி தானே காபி போட்டு எடுத்து வந்தார். அவர் காபி போடுகிற நாட்களை வஹீபா விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேண்டுகோள் நின்றிருக்கும்.

"ஒரு வழி இருக்கு," என்றார், குரலில் சர்க்கரை கூடியிருந்தது. "உன் முடிவு வெளிய வரட்டும். நான் தடுக்கல. குழு முன்னாடி நீயே சொல்லு: முன்னாடி போட்ட அமைப்புல பிழை இருந்துச்சு, நானே கண்டுபிடிச்சு, நானே திருத்தினேன்னு. கேக்கறவங்களுக்கு எவ்வளவு நேர்மையாத் தெரியும்! தன் பிழையைத் தானே திருத்தற ஆய்வாளர். கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்புவோம். எல்லாம் சுமுகமா முடியும்."

"யாரோட பிழை?"

"அமைப்பு உன்னோடதுதானே. ஆரம்பிச்சது நீ."

"கழட்டினது நீங்க."

"குழந்தை பொறந்த நேரம், தூக்கமில்ல, கவனம் தப்பிப்போச்சு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஒரு பொம்பளை அப்படிச் சொன்னா மனசு இளகத்தான் செய்யும். அதையே நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்தத் துறையே என் பேர்ல நிக்குது. உன் கோப்புக்குக் கையெழுத்துப் போடறதும் இந்தத் துறைதான்."

அவள் காபியைத் தொடவில்லை. கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா என்று பார்த்தாள். அவர் முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அடுத்த வாரம் அக்கா ஜொஹ்ரா வந்தாள். குழு முன்னால் பேசி முடித்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வைக்க வேண்டும். அது பேசுபவரின் வீட்டார் பொறுப்பு. முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வதால், உள்ளே கூடிப் பேசும்போதே வெளியே மேசை விரித்துவிடுவார்கள். ஜொஹ்ரா அதற்காக மாவைப் பிசைந்து, நறுக்கி, பின்னி, எண்ணெயில் போட்டுத் தேனில் முக்கிக்கொண்டே தங்கையின் கதையைக் கேட்டாள்.

"அப்போ பண்ணினது அவன். மன்னிப்புக் கேக்கப்போறது நீ."

"மன்னிப்பு இல்லக்கா. விளக்கம்."

"ஓ. விளக்கமா? நாங்க படிக்காதவங்க, அதை வேற பேர்ல சொல்லுவோம்."

"நானும் திறந்து பாக்காம இருந்தேன்ல? முழுப் பொய் இல்ல."

"அடியே, அவன் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொல்லாதே." ஜொஹ்ரா கரண்டியை ஓங்கினாள், தேன் சொட்டியது. "சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. உனக்கு வேண்டியது என்ன? அவனை மாட்டிவிடறதா, அந்த உரிமையா?"

"உரிமைதான். சமீஹான்னு ஒரு பொண்ணு காத்திருக்கா. இன்னொரு பையனும். அவங்களை அவருகிட்ட விட்டா, அவங்களையும் சட்டையைக் கழட்டி வைக்கச் சொல்லுவார். நான் எடுத்துக்கிட்டா முதல் நாளே சொல்லிடுவேன், எதை எங்கே வச்சு ஆரம்பிச்சீங்கன்னு முதல்ல எழுதுங்கன்னு. சரியானது வெளிய வந்தாப் போதும்கா. யார் பேர்ல வந்தா என்ன?"

"இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் உன்னைக் கட்டிக்கிட்டான்."

வஹீபா ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். குழுத் தலைவர் ஹாஜி பூசியானிடம் ஜிலாலி தனியாக முன்கூட்டியே பேச வேண்டும். பிழை இருவருடையது, தண்ணீரைக் கழற்றி ஓட்டத்தை ஆரம்பித்தது ஜிலாலிதான் என்று பூசியான் காதில் போட்டுவைக்க வேண்டும். மேடையில் சொல்ல வேண்டாம். அவர் காதில் போட்டால் போதும்.

"அதுக்கென்ன," என்றார் ஜிலாலி. "பூசியான் என் ஆள். நான் பாத்துக்கறேன்."

"பேசிட்டீங்களா?" என்று அவள் புதன்கிழமை கேட்டாள்.

"பாத்துக்கறேன்னேன்ல."

"பேசிட்டீங்களா?" என்று குழு கூடிய நாளன்று காலை காரில் கேட்டாள்.

"வஹீபா, இன்னைக்கு நீ நிதானமா இருக்கணும். இதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காதே."

குழு முன்னால் அவள் நன்றாகப் பேசினாள். தண்ணீர்ச் சட்டையை விளக்கினாள். எத்தனால் கலக்கக் கலக்க அது எப்படித் தளர்ந்து, அயனி எப்படி பாஸ்பேட்டை நெருங்குகிறது என்று படம் படமாகக் காட்டினாள். பின் வரிசையில் சமீஹா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு பிழையைச் சொல்ல வேண்டிய பக்கம் வந்தது. பழைய கட்டுரையின் தொடக்க அமைப்பில் மெக்னீசியம் தண்ணீர் இல்லாமல், நேராக ஒட்டிய நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்றாள். 'வைக்கப்பட்டிருந்தது' என்றுதான் எழுதி வைத்திருந்தாள். யார் வைத்தார்கள் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதும் என்று நம்பியிருந்தாள்.

பூசியான் விடவில்லை. வயசானவர், சாதுவான குரல்.

"யார் வச்சது, மேடம்?"

முதல் வரிசையில் ஜிலாலி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புருஷன் என்பதால் குழுவில் அவருக்கு இடமில்லை, பார்வையாளர்தான். அவர் தன் காலணியின் நுனியைப் பார்த்தார்.

பூசியானிடம் இவர் பேசவே இல்லை என்று அந்த நொடியில் வஹீபா நினைத்தாள்.

"அமைப்பு என்னோடது," என்றாள். "என் கவனக்குறைவு. நானே திருத்தியிருக்கேன்."

"ஒன்பது வருஷம் கழிச்சு?"

"ஆமா."

"அதுவரைக்கும் யாரும் பாக்கலையா? பேராசிரியர் ஜிலாலி கூடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜிலாலியும் சிரித்தார். கைகளை விரித்து, "மனைவியோட கணக்கைச் சரிபார்க்க எந்தப் புருஷனுக்குத் தைரியம் வரும், ஹாஜி?" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. வஹீபாவின் வாயும் பழக்கத்தில் விரிந்தது. பிறகு தானாக மூடிக்கொண்டது.

குழு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நடைபாதையில் ஜொஹ்ரா வெள்ளை விரிப்பு விரித்து, தேன் பலகாரங்களை அடுக்கி, ஆரஞ்சு சோடா பாட்டில்களைத் திறந்து வைத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சோடாவில் நுரை அடங்கியது.

"உள்ளே என்ன, கல்யாணம் பேசறாங்களா?" என்று ஜொஹ்ரா முணுமுணுத்தாள். "சாப்பிடலாமா வேண்டாமா? தேன்ல ஈ மொய்க்குது."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று ஜிலாலி வந்தவர்களுக்குத் தட்டு நீட்டினார். வீட்டுக்காரர் அல்லவா! மாணவர்கள் வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்கள்.

வஹீபா அவர் முழங்கையைத் தொட்டாள். "கதவைத் தட்டிட்டுப் போய்ச் சொல்லுங்க," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "இன்னும் நேரம் இருக்கு. ஒரே ஒரு வாக்கியம்."

"நான் உள்ளே போகக் கூடாது. விதி தெரியாதா உனக்கு? புருஷன்."

"வாசல்ல நின்னு சொல்லலாம்."

"இவ்வளவு பேர் இருக்காங்க. சும்மா இரு."

கதவு திறந்தது. பூசியான் முதலில் வெளியே வந்தார். விரித்த மேசையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. இனிப்பின் முன்னால் இதைச் சொல்வது யாருக்கும் சுலபமில்லை.

"மேடம் வஹீபா," என்றார். "உங்க நேர்மையைக் குழு மெச்சுது. புது வேலையும் உயர்ந்த தரம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாங்க கொடுக்க வேண்டியது மத்தவங்களை வழிநடத்தற உரிமை. ஓட்டத்தை எங்கிருந்து ஆரம்பிக்கணும்கறது இந்தத் தொழில்ல முதல் பாடம். அதுல தவறி, அதை இத்தனை வருஷம் பாக்காம இருந்த ஒருத்தர்கிட்ட இப்பவே மாணவர்களை ஒப்படைக்க எங்களுக்குத் தயக்கமா இருக்கு. இது மறுப்பு இல்ல, தள்ளிவைப்புதான். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க."

யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"காத்திருக்கற அந்த ரெண்டு மாணவர்களும் கவலைப்பட வேண்டாம்," என்று பூசியான் ஆறுதலாகச் சேர்த்தார். "பேராசிரியர் ஜிலாலி அவங்களை எடுத்துக்க முன்னாடியே பெருந்தன்மையா ஒத்துக்கிட்டார்."

"முன்னாடியேவா?" என்றாள் வஹீபா. "எப்போ?"

"போன வாரம் என் அறைக்கு வந்திருந்தாரே, அப்போ. உங்களைப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். குழந்தை பொறந்த நேரத்துல நீங்க பட்ட கஷ்டத்தையெல்லாம் சொன்னார். அன்பான மனுஷன்."

சமீஹா சுவரோரம் வாயில் பலகாரத்தோடு நின்றாள். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ஜொஹ்ரா தேன் பாத்திரத்தைச் சத்தமாக மூடினாள்.

ஜிலாலி தட்டை மேசையில் வைத்துவிட்டு மனைவியின் தோளில் கை வைத்தார். "ரெண்டு வருஷம்தானே, வஹீபா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். நான் கூடவே இருப்பேன்."

அவள் நகர்ந்தாள். அவர் கை காற்றில் ஒரு கணம் நின்று, பிறகு கோட்டுப் பைக்குள் போயிற்று.

"வருத்தப்படாதீங்க, மேடம்," என்றார் பூசியான். "முடிவை எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சேர்த்துச் சொல்ல விரும்பினா, கேக்கறதுக்குக் குழு தயார்."

வஹீபா புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். அந்தக் கட்டடத்துக்குள் இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் அழைத்ததை யாரும் கேட்டதில்லை.

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, ஹாஜி. ஜிலாலி, உனக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"